ஜன்னல் வழியே ஒரு வயர்

மார்ச் 4

வோல்டேஜுக்கு,

இந்தப் பட்டப்பெயரை எழுதும்போதே நீ முகம் சுளிப்பது தெரிகிறது. சுளித்துக்கொள். இத்தனை வருடம் கழித்து வேறு எப்படி ஆரம்பிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் பேசினால் ‘சாப்பிட்டியா’வுக்கு அடுத்த வார்த்தையே சண்டை. போதாததற்கு என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. அதனால் உன் ஒர்க்‌ஷாப் முகவரியைத் தேடிப்பிடித்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்தாகிவிட்டது. அறைக் காற்றையே இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குழாயில் அனுப்புகிற மெஷின். ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். அவசரத்துக்கு வைத்திருக்கும் சின்ன சிலிண்டர் கொஞ்ச நேரம்தான் தாங்கும். எங்கள் தெருவில் கரண்ட் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை.

இன்வெர்ட்டர் வாங்கலாமென்று கடைக்குப் போனேன். கடைக்காரர் விதவிதமாக எடுத்துப் போட்டார். ஒன்று காரில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகுவது. ஒன்று பேட்டரியோடு வருவது. எதைக் கேட்டாலும் சூப்பராக ஓடும் என்கிறார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள், வாட்டும் வோல்ட்டும் எனக்கு எங்கே தெரியும்? வண்டிகளுக்கு இன்வெர்ட்டர் மாட்டியே பிழைக்கிறவன் நீ. எதை வாங்குவது என்று மட்டும் எழுது. வா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. இதை நானாக எழுதவில்லை. "அவனைக் கேளு. அவன் சொல்றத வாங்கு" என்று அம்மாதான் சொன்னாள். நீ போன பிறகு உன்னைப் பற்றி அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

கடிதம் கிடைத்தது.

மெஷினின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை வாட் என்று போட்டிருப்பார்கள். முந்நூற்றைம்பதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதற்காக நானூறு வாட் இன்வெர்ட்டர் போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதே. உள்ளே ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது. அது கிளம்பும்போது இரண்டு மூன்று மடங்கு இழுத்துவிட்டு அப்புறம்தான் அடங்கும். ஆயிரம் வாட்டுக்குக் குறைந்த எதையும் தொடாதே. லைட்டர் ஓட்டையில் சொருகுவது போன் சார்ஜ் போட. அதில் இந்த மெஷினை மாட்டினால் காரின் ஃப்யூஸ் போகும், அவ்வளவுதான் பலன்.

ப்யூர் சைன் வேவ் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா பார். வீட்டுக்கு வரும் கரண்ட் வழுவழுவென்று ஏறி இறங்கும். மலிவான இன்வெர்ட்டரில் அது படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தடக் தடக்கென்று வரும். பல்பு அதைக் கண்டுகொள்ளாது. மோட்டார் உறுமும், சூடாகும், ஒருநாள் பாதியில் நின்றுவிடும். கடைக்காரர் கடையிலேயே போட்டு ஓட்டிக் காட்டுவார். ஓடத்தான் செய்யும். ஓடுகிறது என்பது வேறு, அதை நம்பி ஒருத்தர் படுத்திருப்பது வேறு.

பேட்டரி நூற்றைம்பது ஆம்பியருக்குக் குறையக் கூடாது. கட்டிலுக்கு அடியில் வைக்காதே.

வா என்று கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லதாகப் போயிற்று. கல்யாணத்தைப் பதிவு பண்ணிவிட்டு அவளை நேராக வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, "இவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அம்மா சொன்னாள். அவள் மிதிக்காத வாசலை நானும் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

முழுசாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மெஷினுக்கு எப்போது மூச்சு வாங்கும், எப்போது சூடாகும் என்றெல்லாம் கவலைப்பட்டிருக்கிறாய். அம்மாவுக்கு எப்படி வாங்குகிறது என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டிக்கரில் முந்நூற்றைம்பதேதான் போட்டிருக்கிறது. அதற்காகக் காலரைத் தூக்கிக்கொள்ளாதே.

நீ சொன்ன வகை இங்கே இல்லை. கடைக்காரரிடம் இருப்பதெல்லாம் படிக்கட்டு வகைதான். ப்யூர் சைன் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டுமாம், எப்போது வருமென்று அவருக்கே தெரியவில்லை. ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவரைக்கும் ஃபேன் நின்றால் எனக்கு நெஞ்சு நிற்கிறது. வேலையில் இருக்கும்போது பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரரின் மனைவி எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு நான் பட்ட கடனை இந்த ஜென்மத்தில் தீர்க்க முடியாது.

உன் கடிதத்தை வாசிக்கச் சொல்லி அம்மா கேட்டாள். கடைசிப் பத்தியை விட்டுவிட்டு வாசித்தேன். "அவ்வளவுதான் எழுதியிருக்கானா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, உனக்கு எழுத்து இன்னும் கோணல்தானா என்று கேட்டாள்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

பார்சல் லாரியில் ஒரு இன்வெர்ட்டர் அனுப்புகிறேன். ப்யூர் சைன், ஆயிரத்தைந்நூறு வாட். ஒரு வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதில்லை, ஆனால் நம்பலாம். பேட்டரியை அங்கேயே வாங்கிக்கொள், அதை லாரியில் அனுப்பினால் பாதி அமிலம் ரோட்டில்தான் இருக்கும்.

கேபிள்களை இன்வெர்ட்டரில் முறுக்கி, மூடி போட்டு டேப் சுற்றியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பிரிக்காதே. இந்த முனை இரண்டையும் பேட்டரியில் மாட்டினால் போதும். இரண்டுமே கறுப்புக் கேபிள். நூல் கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறேன், உனக்குத்தான் முடிச்சு தெரியுமே. என் கண்ணுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான் என்று வீட்டில் முதலில் கண்டுபிடித்தவளே நீதான். நீ சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கு எத்தனை வண்டியை எரித்திருப்பேனோ.

இருந்தாலும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாட்டு.

அம்மா படுத்துத் தூங்க முடிகிறதா, இல்லை உட்கார்ந்தபடியேவா?

தம்பி


ஏப்ரல் 5

உன் இன்வெர்ட்டர் வந்தது. எரிந்தது. இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.

பெட்டியைப் பிரித்தேன். மேலெல்லாம் கீறல். காற்றுப் போகிற சல்லடையில் யார் யாருடைய முடியோ சுருண்டு கிடந்தது. நரை, கறுப்பு எல்லாம். எங்கேயோ மூலையில் கிடந்த குப்பையைத் தூக்கி அனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஊசியால் குத்தி ஒவ்வொன்றாக எடுத்தேன்.

எலக்ட்ரீசியன் வந்தார். தன்னிடம் வாங்காத பொருளில் கை வைக்க மாட்டேன், நாளைக்கு ஏதாவது ஆனால் என் தலையில் விடியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்ய? நீ சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டபோதெல்லாம் டார்ச் பிடித்தவள் நான். ஒரு முடிச்சு பிளஸ், இரண்டு முடிச்சு மைனஸ். அதைக்கூட மறந்திருப்பேனா என்று ஒரு கர்வத்தோடுதான் மாட்டினேன். இரண்டாவது முனை பேட்டரியைத் தொட்டதும் டப்பென்று ஒரு நெருப்பு. பெட்டிக்குள்ளிருந்து புகை. மூச்சுக்கே வழியில்லாதவளின் அறையில் புகை!

ஜன்னலைத் திறப்பதா, அம்மாவைத் தூக்குவதா என்று புரியவில்லை. டாக்ஸிக்காரர் ஓடிவந்து அவளை அப்படியே போர்வையோடு அள்ளிக்கொண்டு போனார். உதடு நீலமாகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இதை அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் மனதில் அவள் மேல் இருக்கிற கோபம் எனக்குத் தெரியும். கோபம் இருந்தால் கோபத்தோடு இருந்திருக்கலாமே. கெட்டுப்போன சாமானை அனுப்பி அவளைக் கொல்லப் பார்க்க வேண்டுமா?


ஏப்ரல் 11

அக்கா,

அந்த இன்வெர்ட்டர் கெட்டுப்போனதில்லை. நீ தலைகீழாக மாட்டியிருக்கிறாய்.

இரண்டு முடிச்சுதான் பிளஸ். பிளஸ் குறிக்கு இரண்டு கோடு, மைனஸுக்கு ஒரு கோடு. அப்படிப் போட்டால் யாருக்கும் மறக்காது என்று என் மனைவி சொன்னாள், கல்யாணமான புதிதிலேயே மாற்றிவிட்டேன். என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். உனக்குத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முடிச்சுப் போடும்போது உன்னை நினைத்துக்கொண்டுதான் போட்டேன், ஆனாலும் உறைக்கவில்லை. எலக்ட்ரீசியன் இல்லையென்றால் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். நீயோ அக்காவாயிற்றே, எல்லாம் தெரியும்.

குப்பை என்று எழுதியிருக்கிறாய். அது அவளுடைய வண்டியில் இருந்தது. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று உங்களில் யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய் முடி வெட்டுகிறாள். முடி வெட்டும் மெஷின், டிரையர், தண்ணீர் சூடாக்குவது எல்லாம் அந்த வண்டியில்தான், எல்லாம் அந்த இன்வெர்ட்டரில்தான். நீ ஊசியால் குத்தி எடுத்த முடியெல்லாம் அம்மா மாதிரிப் படுத்துக் கிடப்பவர்களுடையது.

கடையில் எப்போது வருமென்று தெரியாது என்ற உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவளே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினாள். "கொஞ்ச நாள் கத்திரிக்கோலை வச்சே சமாளிச்சுக்கறேன். மூச்சு இல்லியா, அத எப்படித் தள்ளிப்போடறது?" என்றாள். நீ எரித்தது அதைத்தான்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று உடனே எழுது.


ஏப்ரல் 19

தம்பி,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்னைவிட இளைத்திருக்கிறாள். உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள். நீ கேட்டதற்கு அப்போதே பதில் எழுதியிருக்க வேண்டும்.

கொல்லப் பார்த்தாய் என்று எழுதியதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். யாருடைய இன்வெர்ட்டர் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன பேசுவாள் என்று தெரியும், அதைக் காதால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது புதுத் தலைவலி. மே மூன்றாம் தேதி எங்கள் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுகிறார்களாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. இந்தத் தடவை நோட்டீஸ் ஒட்டிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், ரொம்ப மரியாதை. ஆஸ்பத்திரியில் கேட்டேன், கரண்ட் இல்லை என்பதற்காகவெல்லாம் படுக்கை தர முடியாதாம். கடைக்காரரின் ஆர்டர் இன்னும் வரவில்லை. படிக்கட்டு வகையை எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நாள்தானே என்கிறார்.

முதல் கடிதத்தில் வா என்று கேட்கவில்லை என்று எழுதினேன். இப்போது கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

நான் வரவில்லை. அவள் வருகிறாள்.

வண்டிக்குப் புது இன்வெர்ட்டர் மாட்டிவிட்டேன். மூன்றாம் தேதி காலையில் வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவாள். வண்டியிலிருந்து நீளமான வயர் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வரும். மெஷினின் பிளக்கை அதில் சொருகு, வேறு எதையும் தொடாதே. பேட்டரி இறங்காமல் இருக்க இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் அவள் நாள் முழுக்க வண்டியிலேயே இருப்பாள். புகைக்குழாய் ரோட்டுப் பக்கம் பார்த்திருக்கும்படி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், புகை அம்மாவின் பக்கம் வராது.

அவள் வாசற்படியை மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. வயர் மட்டும்தான் உள்ளே வரும். அம்மாவின் சட்டத்துக்கு ஒரு கீறலும் விழாது. இந்த ஏற்பாட்டை யோசித்தது நான் இல்லை, அவள்தான். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி


மே 5

தம்பி,

அவள் உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பாள். என் வாயாலும் நீ கேட்கட்டும் என்று எழுதுகிறேன்.

கரண்ட் போவதற்கு முன்பே வந்துவிட்டாள். பாக்கெட்டெல்லாம் சீப்பு செருகிய ஏப்ரன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம். வயரை ஜன்னல் கம்பி வழியாக என் கையில் கொடுத்தாள். கம்பி இடுக்கில் வயர் உரசாமலிருக்க ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனாள். கரண்ட் போனதும் மெஷின் ஒரு நொடிகூட முனகவில்லை. நீ சொன்ன மாதிரி வழுவழுவென்று ஓடியது.

அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வண்டி என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வண்டி என்றேன்.

"ஆஸ்பத்திரி வண்டியில கத்திரிக்கோல் படம் எதுக்கு?"

நான் ஜன்னலில் இருந்த துண்டைச் சரிசெய்தேன். ஜன்னலை மூடு என்றாள். மூடினால் வயர் நசுங்கும், கரண்ட் வராது என்றேன். குழாயில் மூச்சு போய்வருகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம், "தெறந்தே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே நின்றபடியே வாங்கிக் குடித்தாள். வெயில் ஏறிவிட்டது. இன்ஜின் சூடு வேறு. அம்மாவுக்கு முடி சிக்குப் பிடித்திருக்குமே, மூக்குக்குழாயின் பட்டை காதோரம் இழுத்து வலிக்குமே என்று கேட்டாள். இழுக்கத்தான் செய்கிறது. நான் கவனித்ததே இல்லை.

மத்தியானம் கேட்டருகே வந்து, "அக்கா, இங்க பாத்ரூம் எங்கயாவது இருக்குமா?" என்று கேட்டாள். உங்கள் வீட்டில் என்று கேட்கவில்லை, எங்கேயாவது என்றாள். நம் வீட்டுப் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஹாலைத் தாண்டினால் வந்துவிடும். அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். நான் டாக்ஸிக்காரர் வீட்டைக் காட்டினேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்து, மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் கரண்ட் வரும்வரை இறங்கவில்லை.

அம்மா கண் விழித்துப் பார்த்துவிட்டால் மூச்சு வாங்குமே என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் அதையே சொல்கிறேன், நீ நம்புவாயா என்று தெரியவில்லை.

வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது வரேன் அக்கா என்றாள். அப்போதாவது உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். கரண்ட் வந்துவிட்டதே என்ற நிம்மதியில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா


மே 12

அக்கா,

அவள் என்னிடம் சொல்லவில்லை.

அவள் சொன்னது வேறு. "உள்ள கூப்பிட்டாங்க. அம்மா பேசல, ஆனா பாத்தாங்க. ஹால்ல ஒரு நீல நாற்காலி இருக்குல்ல, அதுலதான் உக்காந்திருந்தேன். உங்கக்கா டீ குடுத்தாங்க." அந்த நீல நாற்காலி எனக்குத் தெரியும், கை பிடிக்கிற இடத்தில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கும். அதனால்தான் நம்பினேன். ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

அவள் மிதித்த வாசல் என்றால் நானும் மிதிக்கலாம் இல்லையா? அதற்காகத்தான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். அது புரியாமல் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு ஒரு போர்வை வாங்கினேன். இரண்டு நாளாக அவள்தான் என் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் உன் கடிதம் வந்தது.

டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிட்டேன். லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை, பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தாள். உன் கடிதத்தை அவள் கண்ணில் படாமல் ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்திருக்கிறேன்.

கடைக்காரரிடமிருந்து இன்வெர்ட்டர் வந்ததும் கம்பெனி ஆளையே வரவழைத்து மாட்டச் சொல். சிவப்பு கறுப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். போர்வையைத் தனியாகப் பார்சல் அனுப்புகிறேன், யார் வாங்கியது என்று கேட்டால் கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிடு.

அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். விழித்திருந்தாலும் அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. இத்தனை வருடமும் வாசலில் குறுக்கே நிற்பது அம்மாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி